தண்ணீருக்கு ஒரு வழி

ஒரு வாளித் தண்ணீர், ஒரு புது பிளாஸ்டிக் ஸ்கேல், துணைக்கு ஓர் ஆள். இவ்வளவு போதும். ஸ்கேலின் ஒரு முனையை நீருக்குள் அமிழ்த்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொள்ளுங்கள். மறுமுனையை மற்றவர் இழுக்கட்டும். பெரிய சிரமமில்லாமல் உருவிக்கொண்டு போய்விடும். அடுத்து, நீருக்குள் இருக்கும் அந்த முனையில் நான்கைந்து ரப்பர் பேண்டுகளைச் சிறு இடைவெளி விட்டு இறுக்கமாகச் சுற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். இந்த முறை இழுப்பவர்தான் திணறுவார்.

விரல் அதேதான், தண்ணீர் அதேதான், அழுத்தும் பலமும் ஏறத்தாழ அதேதான். ரப்பர் சொரசொரப்பானது, அதனால் பிடிக்கிறது என்று உடனே ஒரு விடை தோன்றும். ரப்பர் பேண்டைத் தடவிப் பாருங்கள். அது உப்புத்தாள் போல இல்லை. வழவழப்பாகவே இருக்கிறது. பிடிமானத்தின் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

நீருக்குள் பிளாஸ்டிக்கைப் பிடித்து வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். முக்குளிப்பவரின் கைவிளக்கும் கேமராவின் உறையும் பிளாஸ்டிக். மண்டபம் பக்கம் கடலில் மிதக்கும் மீன் வளர்ப்புக் கூண்டுகளின் வட்டச் சட்டம் எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக்கால் ஆன குழாய். நீச்சல்குளத்தின் படி, ஃபைபர் படகின் தளம், நைலான் கயிறு என்று எல்லாமே கரையில் சாதுவாக இருந்துவிட்டு நீரில் நழுவுகின்றன. பத்து மீட்டர் ஆழத்தில் கையைவிட்டு நழுவிய விளக்கைத் தேடி இன்னும் ஆழம் இறங்குகிறவர் உயிரைப் பணயம் வைக்கிறார். அதனால் இந்தச் சின்ன விஷயத்தை நின்று நிதானமாகப் பார்ப்பது அவசியம் என்றே நினைக்கிறேன்.

1883-இல் பிரிட்டனில் பூஷாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளைத் தாங்கும் பேரிங்குகளில் எவ்வளவு உராய்வு ஏற்படுகிறது என்று அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் மேற்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே இறங்குவதற்குப் பதிலாகத் துளை வழியே மேலே பொங்கியது. மரத்தில் ஆப்பு செய்து அடைத்தார். ஆப்பு மெதுவாக வெளியே தள்ளப்பட்டு வந்துவிட்டது. அழுத்தமானியைப் பொருத்தினார். முள் அதன் கடைசி அளவையும் தாண்டி ஓடியது. அச்சின் மொத்தச் சுமையும் உலோகத்தின் மேல் உட்காரவே இல்லை என்பது அப்போது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் அது மிதந்துகொண்டிருந்தது. 1886-இல் மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணக்கை எழுதினார். இரண்டு பரப்புகளுக்கு நடுவே சிக்கிய திரவம் வெளியேற நேரம் எடுத்துக்கொள்கிறது, அந்த நேரம் வரைக்கும் அது ஒரு தூண் போலச் சுமை தாங்குகிறது என்பதே அதன் சாரம்.

உங்கள் விரலுக்கும் ஸ்கேலுக்கும் நடுவிலும் இதுதான் நடக்கிறது. ரெனால்ட்ஸின் கணக்கைக் கொண்டே ஒரு மதிப்பீடு செய்து பார்க்கலாம். விரல் நுனியை 5 மி.மீ. ஆரமுள்ள ஒரு தட்டையான வட்டு என்று வைத்துக்கொள்வோம். அரைக் கிலோ எடை வைத்தது போல அழுத்துகிறோம். நடுவில் இருக்கும் தண்ணீர் ஒரு மைக்ரான் தடிமனுக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, மெலிய ஏறக்குறைய 0.3 வினாடி ஆகும். அது பரவாயில்லை. ஆனால் ஒரு மைக்ரான் தண்ணீரும் வழுக்கத்தான் செய்யும். அதில் பத்தில் ஒரு பங்காக மெலிய எவ்வளவு நேரம்? மூன்று வினாடி அல்ல, முப்பது வினாடி. படலம் பத்து மடங்கு மெலிய நூறு மடங்கு நேரம் தேவைப்படுகிறது. கடைசித் துளித் தண்ணீர்தான் மிகப் பிடிவாதமானது.

இப்போது அந்த ஒரே வட்டை அரை மி.மீ. ஆரமுள்ள நூறு சின்ன வட்டுகளாக உடைத்து, நடுவே வாய்க்கால்கள் விட்டுவிடுவோம். மொத்தப் பரப்பு அதேதான், அழுத்தமும் அதேதான். அதே மெல்லிய படலத்தை எட்ட முப்பது வினாடி ஆனது போய், 0.3 வினாடி போதும் என்று கணக்கு சொல்கிறது. ஒவ்வொரு துளியும் பக்கத்து வாய்க்காலுக்கு ஓடினால் போதும், வட்டின் விளிம்பு வரை ஓட வேண்டியதில்லை. உண்மையான விரல் மென்மையானது, வளைவானது. ஆகவே இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் நூறுக்கு ஒன்று என்ற அந்த விகிதம்தான் இந்தக் கட்டுரையின் உயிர். நீருக்குள் பிடிமானம் வேண்டுமானால் தண்ணீருக்கு வெளியேற வழி வேண்டும். ரப்பர் பேண்டுகளுக்கு நடுவே நீங்கள் விட்ட சிறு இடைவெளிதான் அந்த வழி.

இதைக் கணக்குப் போடாமலே கண்டுபிடித்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பால் ஸ்பெரி என்றொரு படகோட்டி இருந்தார். ஈரமான படகுத் தளத்தில் வழுக்கிக் கடலில் விழுந்த அனுபவம் அவருக்கு உண்டு. ஒருநாள் தன் நாய் பனிக்கட்டி மேல் விழாமல் ஓடுவதைக் கவனித்தார். அதன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஓடும் நுண்ணிய வெடிப்புகள். ரப்பர் அடித்தோலைக் கத்தியால் அதேபோல வளைந்து வளைந்து கீறினார். 1935-இல் பிறந்த அந்தப் படகுச் செருப்பு வகை இன்றும் விற்பனையில் இருக்கிறது. கால் ஊன்றும்போது கீறல்கள் விரிந்து நீரை விழுங்குகின்றன, தூக்கும்போது உமிழ்கின்றன.

நாயைவிட நுட்பமாக இந்த வேலையைச் செய்கிற ஒன்று மழைக்காலத்தில் நம் வீட்டுக் குளியலறைச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மரத்தவளை. அதன் விரல் நுனித் திண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் தேன்கூடு போல அறுகோணச் செல்கள். ஒவ்வொன்றும் சுமார் பத்து மைக்ரான் அகலம், நடுவே ஒரு மைக்ரான் அகல வாய்க்கால்கள். ஒவ்வொரு அறுகோணத்தின் தலையிலும் அதைவிடச் சிறிய தூண்கள். வால்டர் ஃபெடர்லே, ஜான் பார்ன்ஸ் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் தவளையின் திண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் நீர்ப்படலத்தை அளந்தார்கள். பல இடங்களில் அது 35 நானோமீட்டருக்கும் குறைவு. சில இடங்களில் படலமே இல்லை. தவளை பசையால் ஒட்டியிருக்கிறது என்று நினைத்திருந்தோம். அது தண்ணீரை விரட்டிவிட்டு ஏறக்குறைய உலர்ந்த தோலால் பிடித்திருக்கிறது.

நம் விரல்களும் இதையே செய்யப் பார்க்கின்றனவோ என்ற கேள்வி சுவையானது. குளத்தில் அரை மணி நேரம் ஊறினால் விரல் நுனிகள் சுருங்கிப் போகும். தோல் தண்ணீர் குடித்து உப்புவதால் வரும் சுருக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் கைக்குப் போகும் நரம்பு அறுந்தவர்களுக்கு அந்தச் சுருக்கம் வருவதில்லை என்று 1930-களிலேயே மருத்துவர்கள் கவனித்துவிட்டார்கள். நரம்பு கட்டளையிட, இரத்தக் குழாய்கள் சுருங்க, உள்ளே கன அளவு குறைந்து மேல்தோல் மடிகிறது. உடல் தானே செய்கிற வேலை இது. மார்க் சாங்கிசி என்ற ஆய்வாளர் 2011-இல், அந்த மடிப்புகள் மழைநீர் வடியும் ஆற்றுப் படுகைகள் போலக் கிளைத்திருக்கின்றன, டயரின் பள்ளங்கள் செய்யும் வேலையை அவை செய்யலாம் என்று சொன்னார். 2013-இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் ஆட்களைக் கூப்பிட்டு நீருக்குள் கிடந்த கோலிக் குண்டுகளை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றச் சொன்னார்கள். சுருங்கிய விரல்காரர்கள் சுமார் 12 விழுக்காடு விரைவாக முடித்தார்கள். உலர்ந்த குண்டுகளில் எந்த வித்தியாசமும் இல்லை. அடுத்த ஆண்டே ஜெர்மனியில் அதேபோலச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த நன்மை தென்படவில்லை. 2021-இல் நிக் டேவிஸ் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார். ஈரமான பொருளைப் பிடிக்கச் சுருங்கிய விரல்களுக்குக் குறைந்த அழுத்தமே போதுமானதாக இருந்தது. எனக்கு இந்தக் கடைசி ஆய்வு மற்றவற்றைவிட அழுத்தமாகப் படுகிறது. வேகத்தில் பழக்கமும் அவசரமும் கலந்துவிடும். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது நேரடியான அளவு.

வாய்க்காலின் கதை இது. பிளாஸ்டிக்கின் கதை வேறு.

1933 மார்ச்சில், இங்கிலாந்தின் வின்னிங்டனில், எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்ட் கிப்சனும் எத்திலீன் வாயுவை மிக உயர்ந்த அழுத்தத்தில் வைத்துச் செய்த சோதனை ஒன்று எதிர்பார்த்தபடி போகவில்லை. பிறகு கலத்தைத் திறந்தால் உள்ளே மெழுகு போன்ற வெள்ளைப் பொருள். அதுதான் பாலித்தீன். மெழுகு போன்ற என்பது வெறும் உவமை இல்லை. மெழுகுவர்த்தியில் இருப்பது இருபது முப்பது கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி. பாலித்தீனில் அதே சங்கிலி ஆயிரக்கணக்கில் நீள்கிறது. ஆகவே குடமும் வாளியும் எச்.டி.பி.இ. குழாயும் அடிப்படையில் நீண்டு கெட்டிப்பட்ட மெழுகுதான். வேறு எதையும் பற்றிக்கொள்ளும் ஆசை அவற்றுக்கு இல்லை. பாலித்தீன் மேல் விழுந்த நீர்த்துளி பரவாமல் உருண்டு நிற்கும். அதன் சேர்கோணம் 90 டிகிரிக்கும் மேல். இந்த ஒதுங்கும் குணத்தை மேற்பரப்பு ஆற்றல் என்று அளக்கிறார்கள். நீருக்கு அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனை ஒட்டி இருக்கிறது. பாலித்தீனுக்கு சுமார் 31, டெஃப்லானுக்கு 20-க்கும் குறைவு.

இதனால்தான் பிளாஸ்டிக் வாளிக் கைப்பிடியில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பசையைத் தடவினாலும் ஒரு வாரத்தில் தகடாக உரிந்து வருகிறது. பசை முதலில் பரப்பெங்கும் பரவ வேண்டும். அதற்கே இந்த மெழுகு இடம் கொடுக்காது. போதாக்குறைக்கு, பாலித்தீன் உறைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும் என்று கடுகு இனத்துச் செடி எண்ணெயிலிருந்து எடுத்த ஒரு கொழுப்புப் பொருளை ஆலையிலேயே கலக்கிறார்கள். அது உள்ளே தங்காமல் நாள்பட மேலே கசிந்து வந்து படர்கிறது. வார்ப்பிலிருந்து சுலபமாகக் கழற்றுவதற்காகப் பூசிய சிலிக்கோனும் சில பொருள்களில் எஞ்சியிருக்கும். புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் பழையதைவிட அதிகம் வழுக்குவதற்கு இவையும் காரணம். எந்த வேலையானாலும் முதலில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுவதில் தொடங்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதற்காகத்தான்.

மெழுகையும் மசிய வைக்கும் முறை உண்டு. காலையில் வாங்கும் பால் பாக்கெட்டைப் பாருங்கள். பாலித்தீன் மேல் அச்சு மை எப்படி நிற்கிறது? அச்சடிப்பதற்கு முன் படலத்தின் மேல் மின்பொறி பாய்ச்சுகிறார்கள். கொரோனா முறை என்று பெயர். மேற்பரப்பின் சில அணு அடுக்குகளில் மட்டும் ஆக்சிஜன் ஏறி, 31-ஆக இருந்த ஆற்றல் 38-ஐத் தாண்டுகிறது. மை பிடித்துக்கொள்கிறது. பெரிய பொருள்களுக்கு நீலச் சுவாலையைச் சட்டென்று மேலே ஓட்டி எடுப்பார்கள். இரண்டும் நிலைத்து நிற்பவை அல்ல. சில நாள் விட்டால் மேற்பரப்பின் சங்கிலிகள் புரண்டு படுத்து, பழைய மெழுகு முகம் மேலே வந்துவிடும். செய்த கையோடு பூச வேண்டும்.

இந்தப் பிரச்சினையைக் கடலுக்குள்ளேயே தீர்த்த உயிர் பாறைச் சிப்பி. அலை அடிக்கும் ஈரப் பாறையில் நூல்களை விட்டு நங்கூரம் பாய்ச்சுகிறது. அதன் பசையில் டோபா என்ற அமினோ அமிலம் இருப்பதை 1981-இல் ஹெர்பர்ட் வெயிட் கண்டறிந்தார். பாறையைப் பற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகளை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தான் உட்காரும் சாமர்த்தியம் அதற்கு இருக்கிறது. 2007-இல் பிலிப் மெசர்ஸ்மித் குழுவினர் டோபாவின் நெருங்கிய உறவான டோபமைனை, கடல்நீரின் காரத்தன்மைக்குப் பக்கத்தில் பி.எச். 8.5 என்ற அளவில் வைத்த கரைசலில் கலந்து, அதில் பொருள்களை ஒரு நாள் ஊற வைத்தார்கள். எல்லாவற்றின் மேலும், டெஃப்லான் மேலும்கூட, 50 நானோமீட்டர் வரை தடித்த ஒரு படலம் படிந்தது. அதன் மேல் வேறு எதையும் ஒட்டலாம். முன்செய்த சுவாலையோ மின்பொறியோ வேண்டாம். கையில் பிடிப்பதற்கான பொருள் இது இல்லை. ஆனால் மெழுகுப் பிளாஸ்டிக்குக்கும் அதன் மேல் வைக்கும் ரப்பர் உறைக்கும் நடுவில் வேலை செய்யத் தக்கது.

இதுவரை பிளாஸ்டிக்கின் நீர்வெறுப்பைக் குறையாகவே சொல்லிவந்தேன். பல்லிகளை வைத்துச் செய்த ஒரு சோதனை அதைத் தலைகீழாக்குகிறது. அலிசா ஸ்டார்க்கும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் ஏக்ரான் பல்கலைக்கழகத்தில் டோக்கே வகைப் பல்லிகளை நீரில் மூழ்கிய பரப்புகளில் விட்டு இழுத்துப் பார்த்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நீரை விரும்பும் கண்ணாடியில் பல்லியின் பிடி போய்விட்டது. நீரை ஒதுக்கும் பரப்புகளில் உலர்ந்த நிலையில் இருந்த அளவுக்கே பிடித்தது. உலர்ந்த டெஃப்லானில் ஒட்டவே முடியாத பல்லி ஈர டெஃப்லானில் ஓரளவு ஒட்டியது. பல்லியின் பாதமும் நீரை ஒதுக்குவது. நீரை வெறுக்கும் இரண்டு பரப்புகள் அருகே வந்தால், நடுவிலிருக்கும் தண்ணீருக்கு அங்கே தங்க விருப்பமில்லை. அது தானாகவே விலகி வழிவிடுகிறது. கண்ணாடி மேல் இருக்கும் தண்ணீர் அப்படிப் போகாது. கண்ணாடியைக் கட்டிக்கொண்டு கிடக்கும்.

எனவே ரப்பரும் பாலித்தீனும் நீருக்குள் நல்ல ஜோடி. இரண்டுமே தண்ணீரை விரும்பாதவை. பசையை விரட்டும் அதே குணம் நீரையும் விரட்டி ரப்பருக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறது. ஒட்ட வைக்கப் போராடுவதைவிட, இறுக்கிச் சுற்றிவிடுவது நல்லது என்று நான் நம்புவதற்கு இந்தச் சோதனையும் ஒரு காரணம்.

கரையில் இருக்கும் நமக்குத் தோன்றாத இன்னொரு விஷயம் எடை. உராய்வு என்பது அழுத்தத்தின் ஒரு பங்கு. ஜெர்மனியில் நீச்சல்குளத் தரைகளைச் சோதிக்க, சோப்புநீர் ஓடும் சாய்தளத்தில் ஓர் ஆளை வெறுங்காலுடன் நடக்கவிட்டுச் சாய்வைக் கூட்டிக்கொண்டே போவார்கள். 12 டிகிரி, 18 டிகிரி, 24 டிகிரி வரை வழுக்காமல் நின்றால் மூன்று தரங்கள். 24 டிகிரி என்பது உராய்வு எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு என்பதற்குச் சமம். அறுபது கிலோ ஆள் அந்தத் தரையில் நின்றால் 27 கிலோ அளவுக்குப் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்குவார். அவரே நெஞ்சளவு நீரில் நின்றால் பாதத்தில் விழும் எடை மூன்றில் ஒரு பங்காகிவிடும், சுமார் இருபது கிலோ. தாங்கும் தள்ளல் 9 கிலோவாகச் சுருங்கும். ஆனால் அலை தள்ளும் பலம் நெஞ்சளவு நீரில்தான் அதிகம். எடைப்பட்டியைச் சரிபார்த்து நடுநீரில் மிதக்கும் முக்குளிப்பாளருக்கோ எடையே இல்லை. மிகச் சிறந்த தரையும் அவருக்கு உதவாது. அவர் கையால் இறுக்குகிற அழுத்தம் மட்டும்தான் அவருடைய மொத்தச் சொத்து.

ஆகவே நீருக்குள் பயன்படும் பொருளில் மேற்பரப்பைவிட வடிவம் முக்கியம். நுனியில் தடித்த கைப்பிடி, விரலுக்கேற்ற பள்ளம், கைமணிக்கட்டில் மாட்டும் கயிற்று வளையம் இவையெல்லாம் உராய்வை நம்பாமல் தடுப்பவை. வழுவழுப்பான உருளையை எவ்வளவு சீர்செய்தாலும் அதன் முனையில் ஒரு குமிழ் செய்யும் வேலைக்கு ஈடாகாது. பழைய முத்துக்குளிப்பில் கல்லையும் கயிற்றையும் பிடித்து இறங்கினார்கள். தேங்காய் நார்க்கயிறு உப்புநீரில் எளிதில் மட்காதது, நாருக்கு நார் இடைவெளி விட்டது, தண்ணீர் வடிய ஆயிரம் வழி உள்ளது. அதைப் பிடித்த கைக்கு இன்றைய வழுவழுப்பான பாலிப்ரொப்பிலீன் கயிறு நிச்சயம் ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும்.

பாம்பன், மண்டபம் பகுதியில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் இறங்குவதற்கு முன் விரல்களில் துணிக் கீற்றுகளைச் சுற்றிக்கொள்கிறார்கள். பாறையும் சிப்பியும் கிழிக்காமல் காப்பதே அதன் முதல் நோக்கம். ஆனால் அந்தத் துணியின் ஒவ்வொரு இழைக்கும் நடுவில் தண்ணீர் ஓட இடமிருக்கிறது. வழுக்கும் பாசியையும் பாறை விளிம்பையும் பற்றுவதற்கு இதைவிட மலிவான கருவி கிடையாது. பொருளை மாற்ற முடியாதபோது கையை மாற்றிக்கொள்ளும் அறிவு அது.

பொருளை மாற்ற முடிகிறபோது என் முதல் தேர்வு பழைய சைக்கிள் டியூப். சிறுவர்கள் உண்டிவில்லுக்கு வார் வெட்டுவது போல ஒரு விரல் அகலத்தில் நீளமாக வெட்டிக்கொள்ள வேண்டும். நன்றாக இழுத்துப் பிடித்தபடி கைப்பிடியில் சுருளாகச் சுற்ற வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு. அந்த இடைவெளிதான் வாய்க்கால், அதை மூடிவிடக் கூடாது. கடைசிச் சுற்றின் நுனியை முந்தைய சுற்றுக்கு அடியில் செருகி இழுத்தால் முடிந்தது. பசை தேவையில்லை. இழுபட்ட ரப்பர் சுருங்கப் பார்த்து உள்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும், கைப்பிடி எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு அழுத்தம். டியூப் கிடைக்காதவர்கள் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் கேபிள் இணைப்பில் சுற்றும், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைப் பயன்படுத்தலாம்.

பலரும் பேட்மிண்டன் மட்டைக்குச் சுற்றும் பஞ்சுபோன்ற கிரிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கையில் பிடித்துப் பார்க்க இதமாக இருக்கும். நீச்சல்குளத்துக்கு அது சரி. கடலுக்கு வேண்டாம். அந்தப் பஞ்சு முழுக்கக் காற்றுக் குமிழ்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி ஒவ்வொரு குமிழும் பாதியாகச் சுருங்கும். முப்பது மீட்டரில் கால் பங்கு. கரையில் இறுக்கமாக இருந்த உறை, பிடி மிகத் தேவைப்படும் இடத்தில் தளர்ந்து சுழலும். குமிழில்லாத கெட்டி ரப்பருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பருத்தி நூல் சுற்றலாம். நனைந்ததும் நூல் உப்பிச் சுருங்கி மேலும் இறுகும், ஆனால் உப்புநீரில் சில மாதங்களில் மட்கும்.

உப்புத்தாளுக்கு இரண்டு வேலைகள் உண்டு. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு அது பலன் தருவதில்லை. நுண்ணிய கீறல்கள் பெயிண்டும் ரெசினும் பற்றிக்கொள்ள வேர் கொடுக்கின்றன. அவை தண்ணீரை வடிக்கும் அளவுக்கு ஆழமில்லை. வெறுமனே உப்புத்தாள் தேய்த்து விட்ட கைப்பிடி கரையில் சொரசொரப்பாகவும் நீருக்குள் பழையபடி வழுக்கலாகவும் இருப்பது அதனால்தான். ஃபைபர் படகுத் தளம் போன்ற இடத்தில் தேய்த்து, கழுவி, காய வைத்து, ரெசினோ பெயிண்டோ ஈரமாக இருக்கும்போதே சலித்த உலர்மணலைத் தூவி, மேலே இன்னொரு பூச்சு கொடுத்தால் நல்ல பலன் உண்டு. பாதத்துக்கு அது பொருந்தும். கைக்குப் பொருந்தாது. நீரில் ஊறி மென்மையான தோலை மணல் அராவிவிடும், கையுறையையும் கிழிக்கும். தேய்க்கும்போது வரும் பிளாஸ்டிக் தூளைக் கடற்கரையில் வைத்துக் கழுவி விடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தெடுத்துக் குப்பையில் போடுங்கள். மீன் வயிற்றில் போய்ச் சேர வேண்டிய பொருள் அல்ல அது.

கேமரா உறையையும் அழுத்தம் தாங்கும் விளக்கின் உடலையும் தேய்க்கவோ கீறவோ துளையிடவோ கூடாது. இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். முப்பது மீட்டர் ஆழத்தில், பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு பக்கத்தின் மேல் வெளியிலிருந்து ஏறக்குறைய 300 கிலோ அழுத்துகிறது. கீறல் ஒவ்வொன்றும் விரிசல் தொடங்கும் இடம். பாலிகார்பனேட்டில் தின்னரோ அசிட்டோனோ பட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஓடும். அங்கே சுற்றுவது ஒன்றே வழி. உறையின் ரப்பர் வளையத்துக்குத் தடவும் சிலிக்கோன் கிரீஸ் கைப்பிடிக்கு வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது பட்ட இடத்தில் கையும் நிற்காது, டேப்பும் நிற்காது.

எல்லாம் செய்த பிறகும் சில நாளில் பிடி மறுபடி குறையத் தொடங்கும். கடலில் இறக்கிய எந்தப் பரப்பின் மேலும் சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்கள் குடியேறிவிடுகின்றன. அவை சுரக்கும் கொழகொழப்பில் பெரும்பகுதி தண்ணீர்தான், ஆனால் தண்ணீரைப் போல ஓடாத தண்ணீர். ரெனால்ட்ஸின் கணக்கில் வெளியேறும் நேரம் திரவத்தின் பாகுத்தன்மைக்கு ஏற்பக் கூடும். நூறு மடங்கு கெட்டியான கொழகொழப்பு நூறு மடங்கு நேரம் பிடிக்கும். அதற்குள் பொருள் கையைவிட்டுப் போயிருக்கும். வாய்க்கால்களிலும் அதுவே போய் அடைத்துக்கொள்ளும். ரப்பரை ஒட்டாமல் சுற்றச் சொன்னதில் இன்னொரு லாபம் இங்கே தெரிகிறது. நுனியை உருவி அவிழ்த்து, வாரையும் கைப்பிடியையும் நல்ல தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நிழலில் காய வைத்து, மறுபடி இழுத்துச் சுற்றிவிடலாம். வார் வெடித்திருந்தால் டியூபில் இன்னொரு கீற்று வெட்டிக்கொள்ளலாம்.